கொழும்பு விமானம் கைமாறும் வரை

போர் முடிந்த அடுத்த கோடையை உங்களுக்கு நினைவிருக்கும். பாரிசின் லா சப்பலிலும், புறநகர்களான கார்ஜிலும் பியர்ஃபித்திலும் வளர்ந்த நம் வயதுக்காரர்களில் பலர் முதன்முதலாக ஊர் பார்த்த கோடை அது. தொலைபேசியில் குரலாக மட்டும் இருந்த ஊருக்கு நல்லூர்த் திருவிழாவைச் சாட்டி எல்லோரும் கிளம்பினார்கள். பெட்டிகளில் என்னென்ன போனது என்று இன்றும் வரிசையாகச் சொல்வேன்: சாக்லேட், வாசனைத் திரவியம், சவர்க்காரம், முழங்கால் வலிக்குப் பூசும் களிம்பு, யாரோ ஒரு மச்சானுக்குக் கால்பந்துச் சட்டை. என் வகுப்பில் நான் ஒருத்திதான் போகவில்லை என்று அப்போது நம்பினேன். அது உண்மையாக இருக்காது. ஆனால் பதினொரு வயதில் அப்படித்தான் தோன்றும்.

இதை நான் உங்களில் ஒருவரைத் தேடி எழுதுகிறேன். பெயர் தெரியாது. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. என்ன அடையாளம் என்பதைச் சொல்ல, முதலில் ஒரு ரேடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் லா சப்பலின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், முற்றத்துப் பக்கம், கடைசி மாடியில் இருந்தோம். இரண்டு அறை. ஒன்றில் அப்பா, அம்மா, நான். மற்றது சமைக்கும் குசினி, அதிலேயே சித்தப்பாவின் மெத்தை, பகலில் சுருட்டி வைக்கப்படும். கீழே மிளகாய்த்தூள் வறுத்து விற்கும் கடை. அவர்கள் வறுக்கும் நாட்களில் அந்தக் கட்டடம் முழுவதும் ஒன்றாக இருமும். சித்தப்பா அப்பாவின் தம்பி. ஓப்பரா பக்கம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அவருடைய அகதி வழக்கு தள்ளுபடியாகியிருந்தது. நம் வீடுகளில் அதற்கு ஒரே சொல்தான்: ரிஜெக்ட். “உவனுக்கு ரிஜெக்ட்” என்று பெரியவர்கள் சொல்லும்போது அது ஒரு நோயின் பெயர் மாதிரிக் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போய்வந்த சித்தப்பா, சட்டைக்குள்ளிருந்து ஒரு கருவியை எடுத்து மேசையில் வைத்தார். கையில் அடங்கும் அளவு. கறுப்பு. மேலே ரப்பர் உறை போட்ட குட்டை ஆன்டெனா, பக்கத்தில் இரண்டு குமிழ்கள், பொத்தானை அமத்தினால் செம்மஞ்சளாக வெளிச்சம் வரும் சிறிய திரை. அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே தேடிப் போய், யாராவது பேசும் இடத்தில் நிற்கும். ஸ்கேனர் என்று விற்றவன் சொல்லியிருக்கிறான். மலிவானது. முதுகில் யாரோ ஒரு முன்னாள் சொந்தக்காரர் ஒட்டிய பூனைப்படம் பாதி கிழிந்திருந்தது.

“அண்ணி, இனிப் பயமில்லை. பொலிஸ் எங்கை நிக்கிறாங்கள் எண்டு இது சொல்லும்” என்றார் சித்தப்பா.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “உமக்குப் பிரெஞ்சு விளங்காது. அது சொல்லி என்ன, சொல்லாட்டி என்ன?”

“எனக்கேன் விளங்க வேணும்? வீட்டிலை ஒரு பிரெஞ்சுக்காரியை வைச்சுக்கொண்டு.” என்னைக் காட்டினார்.

ஒரு வாரம் தேடினோம். அதில் பொலிஸின் குரல் வரவேயில்லை. எங்கள் மாடியிலேயே எதிர் அறையில் தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் இருந்தார். தொலைத்தொடர்பு படித்தார். வெள்ளிக்கிழமைகளில் எங்களோடு சாப்பிடுவார். அவர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணே, இங்க போலீஸ் எல்லாம் டிஜிட்டல். என்கிரிப்ட் பண்ணி வச்சிருப்பாங்க. இதுல வராது.”

“அப்ப இதிலை என்னதான் வரும் தம்பி?”

“போலீஸத் தவிர எல்லாமே வரும்ணே.”

சித்தப்பா சிரித்த சிரிப்பில் குசினிக் கதிரை ஆடியது. “கேட்டீங்களோ அண்ணை? நான் ஆருக்குப் பயப்பிடுறனோ அவனை மட்டும் கேக்கேலாதாம். மிச்சம் முழுப் பாரிசும் என்ரை கையுக்கை!”

அவர் கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போகவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஓடிக்கொண்டே இருந்தது, மற்ற வீடுகளில் தொலைக்காட்சி ஓடுவது போல. ரயில் பாதைப் பக்கம் கட்டட வேலை நடந்தது. பாரந்தூக்கி ஓட்டுகிறவரும் கீழே நிற்பவரும் ஒருவரையொருவர் நாள் முழுக்கத் திட்டிக்கொண்டார்கள். டாக்சிகளை அனுப்பும் கந்தோர்ப் பெண் எந்தச் சாரதியையும் “என் செல்வமே” என்றுதான் அழைத்தாள். பெரிய கடையின் காவலாளிகள் இருவர் மதியச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசுவார்கள். எங்கோ பக்கத்துக் கட்டடத்தில் குழந்தை அழுதால் அடுத்த அறைக்குக் கேட்பதற்காகத் தொட்டிலருகே வைத்த கருவி வழியாக ஒரு பெண் பாடுவது கேட்கும். எந்த மொழி என்று இன்றும் எனக்குத் தெரியாது. அது வரும்போது அம்மா அடுப்பைக் குறைத்துவிடுவார். தாளிதம் பொரியும் சத்தத்தில் பாட்டு கேட்காமல் போகும் என்பதற்காக.

எல்லாவற்றையும்விடத் தெளிவாக வந்தவை விமானங்கள். விமானிகள் பேசுவதும் கட்டுப்பாட்டு அறை பதில் சொல்வதும் ஆங்கிலம் பாதி, பிரெஞ்சு பாதி. சித்தப்பாவுக்கு இரண்டும் விளங்காது. அதனால் அவரே தமிழில் பேசிக்காட்டுவார். விமானி ஒரு வரி சொன்னதும், சித்தப்பா பவ்வியமான குரலில், “அண்ணை, நான் இறங்கட்டோ?” என்பார். கட்டுப்பாட்டு அறை பேசியதும் குரலைத் தடிப்பாக்கி, “பொறடாப்பா, முன்னாலை ஒருத்தன் நிக்கிறான், கண் தெரியேல்லையே?” என்பார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவேன்.

ஒரு விமானம் புறப்பட்டு மேலே ஏறினால் அதை ஒரு கட்டுப்பாட்டாளர் அடுத்தவரிடம் ஒப்படைப்பார். விமானி விடைபெற்று அலைவரிசை மாறிவிடுவார். கைமாறுகிறது என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். அந்த இடம் வந்ததும் சித்தப்பா, விமானி போய்வருகிறேன் என்று விடைபெறுவதாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிச் சொல்வார்: “சரி அண்ணை, போட்டு வாறன்.” பிறகு தடித்த குரலில்: “ஓம், போட்டு வா. கவனம்.”

வைகாசி மாதத்தில் ஒரு நாள் அவர் வேலைக்குப் போகும்போது லா சப்பல் மெத்ரோப் படியில் பொலிஸ் கொன்ட்ரோல். படியின் கீழ் இரண்டு பேர், மேல் இரண்டு பேர். வதிவிடப் பத்திரம் கேட்டார்கள். அவ்வளவுதான். ரேடியோ அன்று குசினி யன்னலில் இருந்தது. அதில் பாரந்தூக்கிக்காரர் திட்டிக்கொண்டிருந்தார்.

அவரை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த தடுப்பு முகாமில் வைத்தார்கள். அங்கிருந்து தினமும் போன் எடுப்பார். பேசும்போது விமானம் போனால் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். “இஞ்சை ரேடியோ தேவையில்லை பிள்ளை. தலைக்கு மேலை நேராகவே கதைக்கிறாங்கள்” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அப்பாவிடம் போனைக் கொடுத்தபின் அவர் சிரிக்கவில்லை. அப்பா பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்கும்: “ஓம்… ஓம்… விடமாட்டன்… நான் விடமாட்டன் தம்பி.”

எதற்குப் பயம் என்பதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. துண்டு துண்டாகப் பொறுக்கினேன். சித்தப்பா வன்னியில் ஒரு சிகிச்சை நிலையத்தில் காயக்காரருக்குக் கட்டுப் போட்டவர். திரும்பிப் போனால், யார் யாருக்குக் கட்டுப் போட்டாய் என்று கேட்பார்கள். கேட்கிற விதம் வேறு. போர் முடிந்துவிட்டது, இனி அங்கே ஆபத்தில்லை என்று இங்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்கள் சிலர் கொழும்பு விமான நிலையத்துக்கு உள்ளேயே காணாமல் போயிருந்தார்கள். வாசலில் ஒரு உறவுக்காரர் சட்டத்தரணியோடு நின்று, இன்ன பெயருள்ளவர் இந்த விமானத்தில் வந்தார், எங்கே என்று சத்தமாகக் கேட்டால், தொலைப்பது கொஞ்சம் கடினம். அந்தக் கொஞ்சத்தைத்தான் எங்கள் வீடு பிடித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, அந்த வாசலில் நிற்பதற்காக வவுனியாவிலிருந்து கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் தங்கினார். வடக்கிலிருந்து வந்த தமிழன் கொழும்பு லொட்ஜில் தங்குவது அந்த நாட்களில் தானே போய் விசாரணைக்கு வரிசையில் நிற்பது மாதிரி. மாமா நின்றார்.

ஆடி மாதம் தொடங்கியபோது, தடுப்பில் இருப்பவர்களுக்கு உதவ முகாமுக்குப் போய்வரும் சங்கத்துப் பெண் ஒருவர், நாளைக்குக் கொழும்பு விமானத்தில் ஏற்றுகிறார்கள் என்று சொன்னார். பிரெஞ்சுக்காரி, நரைத்த கட்டை முடி, எங்கள் வீட்டுத் தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பவர். அவரிடம் ஒரு வழி இருந்தது. பயணிகள் இருக்கையில் உட்கார மறுத்து நின்றால் விமானம் புறப்பட முடியாது. சிலவேளை விமானி எரிச்சலில் கைதியை இறக்கச் சொல்லிவிடுவார். அதனால் பயணிகள் உள்ளே போகுமுன் அவர்களிடம் கேட்க வேண்டும்.

அம்மா அவரோடு விமான நிலையத்துக்குப் போவது என்று முடிவானது. உள்ளே நடப்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கைதியைப் பின்பக்கப் படியால் ஏற்றுவார்கள். போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். மண்டபத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. அப்போதுதான் அப்பா ரேடியோவைப் பார்த்தார்.

“லா சப்பல்ல இருந்து மேல பறக்கிறதுதாண்ணே கேட்கும்” என்றார் மாணவர். “தரையில நிக்கிற பிளேன் கேட்கணும்னா கிட்டப் போகணும். உயரமான இடமா இருக்கணும்.”

கார்ஜில் மாமியின் வீடு இருந்தது. அப்பாவின் அக்கா. கோபுரக் கட்டடத்தின் மேல் மாடி. பல்கனியில் நின்றால் விமானங்களின் வயிறு தெரியும்.

மறுநாள் அப்பா, மாணவர், நான் மூவரும் ஆர்.ஈ.ஆர் ரயிலில் கார்ஜ் போனோம். அப்பா புதுப் பட்டரிகளைச் சட்டைப் பையில் வைத்து அதன்மேல் கையை வைத்திருந்தார், இருதயத்தைப் பிடித்திருப்பவர் போல. எந்த எண்ணில் எந்தக் கட்டுப்பாட்டு அறை என்று எனக்குத்தான் மனப்பாடம். அதனால் என்னையும் கூட்டிப்போனார்கள். மாணவருக்கு ஆங்கிலம், அதனால் அவர். மாமி பல்கனியிலிருந்த துணிகளை அள்ளி எடுத்துவிட்டு, பூச்சாடிகளை ஒதுக்கி, நான்கு கதிரை போட்டார். கறிவேப்பிலைச் சாடியை மட்டும் தொடவில்லை. வெயிலில் கம்பி சுட்டது.

அந்த நேரம் மண்டபத்தில் நடந்ததை அம்மா பிறகு சொன்னார். வரிசை முழுக்க நம்மவர்கள். பட்டுச் சேலைக்காரி, தொப்பி போட்ட பிள்ளைகள், எடை கூடிய பெட்டியைத் தரையில் திறந்துவைத்து எதை விடுவது என்று சண்டை பிடித்த தம்பதி. அம்மா ஒவ்வொருவரிடமும் போனார். “தங்கச்சி, கடைசி வரிசையிலை ஒரு பிள்ளையின்ரை கையைக் கட்டிக் கொண்டுபோறாங்கள். நீங்கள் சீற்றிலை இருக்காமல் நிண்டால் காணும். வேறை ஒண்டும் வேண்டாம்.”

சிலர் சங்கத்துப் பெண் விளக்கம் எழுதி நீட்டிய தாளை வாங்கி மடித்து வைத்தார்கள். சிலர் அம்மாவைப் பார்க்காமல் பிள்ளையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார்கள். ஒருவர் மட்டும் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “அக்கா, உங்கடை நிலைமை விளங்குது. ஆனா நாங்களும் அங்கைதானே இறங்க வேணும்.” அவர் சொன்னதில் பிழையில்லை என்று அம்மா சொன்னார். அழுதுகொண்டே சொன்னார்.

பல்கனியில் நாங்கள் வேறு விமானங்களைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஜெனீவா, காசாபிளாங்கா, மொன்றியல். ஒவ்வொன்றும் தன்னைப் பின்னால் தள்ளிவிடச் சொல்லிக் கேட்டது, நகர்ந்தது, போனது. பிறகு கொழும்பு விமானத்தின் பெயர் வந்தது. மாமி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

“பின்னாடி தள்ள அனுமதி கேட்கிறாங்க” என்றார் மாணவர். “குடுத்துட்டாங்க.”

“அப்ப இறக்கேல்லையோ?” என்றார் அப்பா.

விமானம் ஓடுபாதைப் பக்கம் நகர்வதாக ஒரு வரி வந்தது. அப்பா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு விமான நிலையத் திசையில் பார்த்தார். அங்கே ஒன்றும் தெரியாது, கட்டடங்களும் புகைமூட்டமும்தான். அவர் முதுகு மட்டும் ஏறி இறங்கியது. “என்ரை கையாலை வளர்த்த பிள்ளை” என்றார். எங்களுக்கு அல்ல.

அப்போது கொழும்பு விமானி மறுபடி பேசினார். நீளமாக. கட்டுப்பாட்டு அறை கேட்டது. அவர் திரும்பச் சொன்னார். மாணவர் ஸ்பீக்கரில் காதை வைத்திருந்தார்; நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

“திரும்பி வர்றாங்களாம்ணே. ஒரு பேசஞ்சர் பிரச்சினையாம். இறக்கிவிடணுமாம்.”

மாமி போட்ட கூச்சலில் பக்கத்துப் பல்கனி அரபிக் கிழவர் எட்டிப் பார்த்தார். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். அந்த வயதில் என்னை யாரும் தூக்குவதில்லை. மாமி சுவாமிப் படத்துக்கும் குசினிக்கும் மாறிமாறி ஓடினார். மாணவர் மட்டும் கதிரையிலேயே இருந்தார்.

“அண்ணே, இருங்க. யாருன்னு அவங்க சொல்லல. ஒரு பேசஞ்சர்னு மட்டும்தான்…”

“தம்பி, வேறை ஆரை இறக்கப் போறாங்கள்? சோடா குடிச்சு வயித்தைக் கலக்கினவனையோ?”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

“இல்லண்ணே, முழுசா கேட்டுடலாம். அது கெளம்புற வரைக்கும்—”

“உமக்கு எங்கடை பாடு தெரியாது. இவ்வளவு காலமும் கேட்டது காணாதே? உதை நிப்பாட்டுவம், பட்டரி போகுது.” அப்பா குமிழைத் தானே திருப்பினார். அது ஒரு சின்னச் சொடுக்கோடு அணைந்தது. அந்தச் சொடுக்கு இப்போதும் எனக்குக் கேட்கும். அதன்பிறகு நான் வாங்கிய எந்தக் கருவியிலும் அதே சத்தம் இல்லை.

உடனே அவர் கொழும்புக்கு எடுத்தார். “மச்சான், அவனை இறக்கிப்போட்டாங்கள்! ஓம், எங்கடை காதாலை கேட்டனாங்கள். நீ இனி உந்த லொட்ஜிலை நிக்காதை. இரவு பொலிஸ் வந்தால் உன்னைக் கொண்டுபோடுவாங்கள். கெதியா வெளிக்கிடு. முதல் வாற பஸ்ஸிலை ஏறு.”

இதைத்தான் நான் இவ்வளவு வருடமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அப்பா அவசரப்பட்டது அலட்சியத்தால் அல்ல. ஒருவர் தப்பிவிட்டார் என்று நம்பியதும், மற்றவரையும் காப்பாற்ற நினைத்தார்.

மாமி கேசரி கிண்டினார். ஏலக்காய் போட மறந்துவிட்டார். நாங்கள் லா சப்பலுக்குத் திரும்பியபோது அம்மாவும் வந்து சேர்ந்தார். அப்பா போனிலேயே சொல்லியிருந்தார். இருந்தாலும் அம்மா நேரில் இன்னொரு முறை கேட்டார், இன்னொரு முறை கேட்டார். கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். கடைக்காரர்கள் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மிளகாய்த்தூள் கடைக்கார அண்ணை எனக்கு ஒரு மாம்பழம் தந்தார்.

மாலை வரை சித்தப்பா எடுக்கவில்லை. அம்மாவுக்கு முகம் வாடத் தொடங்கியது. அப்பாவிடம் பதில் இருந்தது: “பிளேன் ஏற மறுத்தவனைப் பொலிஸ் காவலிலை ஒரு நாள், இரண்டு நாள் வைப்பாங்கள். போன் குடுக்கமாட்டாங்கள். அதுதான் முறை.” அது உண்மை. லா சப்பலில் அந்த முறை தெரியாதவர் யாருமில்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் அந்த வழியால் போயிருந்தார். சங்கத்துப் பெண்ணும் அன்று போனை எடுக்கவில்லை. அதற்கும் விளக்கம் இருந்தது. எல்லா மௌனத்துக்கும் எங்களிடம் விளக்கம் இருந்தது. வெளியூர்க்காரராக இருந்த மாணவருக்கு மட்டும் இல்லை. அவர் சாப்பிட வரவில்லை.

மறுநாள் மதியம் போன் வந்தது. பிரெஞ்சு என்றால் நான்தான் எடுப்பேன். சங்கத்துப் பெண். “அம்மா பக்கத்தில் இருக்கிறாரா? நீ உட்கார்ந்துகொள், செல்லம்” என்றார். நான் உட்காரவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார்: முதல் நாள், அம்மா வீட்டுக்குக் கிளம்பியபின், அவரை மண்டபத்தில் வைத்துப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது, இப்போதுதான் விட்டார்கள். விசாரித்துப் பார்த்தாராம். விமானம் நகரத் தொடங்கியபின் ஒரே ஒரு பெண் எழுந்து நின்றிருக்கிறார். தமிழ்ப் பெண், பிரெஞ்சுக் கடவுச்சீட்டு, கூட ஒரு பிள்ளை. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. அதற்காகத்தான் விமானம் திரும்பியது. அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் இறக்கினார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். பிறகு விமானம் போய்விட்டது.

“உன் சித்தப்பாவோடு” என்றார்.

நான் திரும்பினேன். அம்மா தேங்காய்ப் பாதியைத் துருவிக்கொண்டிருந்தார், கோயிலில் உடைத்ததன் பாதி. அப்பா முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்; ஒரு கன்னத்தில் நுரை. இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்குத் தமிழ் வரவில்லை. “இல் எ பார்த்தி” என்றேன். போய்விட்டார். அதை அவர்களுக்கு மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

அப்பா நுரையோடே மாமாவுக்கு எடுத்தார். மாமா வவுனியாவில் வீட்டு வாசலில் நின்று தேத்தண்ணி குடித்தபடி பேசினார். நல்லாய்ச் சேர்ந்தேன், ஒரு பிரச்சினையுமில்லை என்றார். அப்பா போனைக் காதிலிருந்து இறக்கினார். “அத்தான்? அத்தான்?” என்று மாமா கூப்பிடுவது எனக்குக் கேட்டது.

கொழும்பு விமான நிலைய வாசலில் அன்று காலை யாரும் எந்தப் பெயரையும் கேட்கவில்லை.

சித்தப்பாவை எங்கே அடைத்து வைத்திருந்தார்கள் என்று அடுத்த வருடம்தான் தெரிந்தது. அதற்கடுத்த வருடம் விட்டார்கள். வவுனியாவில் மாமாவின் வீட்டில் தங்கினார். முதல் முறை பேசியபோது அவர் கேட்ட கேள்வி இது: “அண்ணை, மச்சான் அண்டைக்கு வரேல்லையோ? நான் கண்ணாடிக்கு அங்காலை பார்த்துக்கொண்டே வந்தனான்.”

அப்பா சொன்னார்: “பஸ் பிந்திப்போச்சு, தம்பி.”

மாமாவும் அதையே சொன்னார். இன்றும் அதையே சொல்கிறார்கள். சித்தப்பா நம்புகிறாரா என்று தெரியாது. அவர் இப்போது யாரையும் போல் பேசிக்காட்டுவதில்லை. போனில் நீண்ட இடைவெளி விடுகிறார், தலைக்கு மேல் விமானம் போவதற்குக் காத்திருப்பவர் போல. அங்கே விமானம் ஒன்றும் இல்லை.

நான் இப்போது கைபேசிக் கோபுரங்களின் அலைவரிசைகளைத் திட்டமிடும் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் வவுனியா போயிருந்தேன். சித்தப்பா என்னிடம் அந்த விமானத்தைப் பற்றி ஒரே ஒரு முறை பேசினார், அதுவும் ஒரு சந்தேகம் கேட்பது போல.

“பிள்ளை, உனக்குப் பிரெஞ்சு தெரியும். ‘மமோ, அசியே-துவா’ எண்டால் என்ன?”

“‘அம்மா, சீற்றிலை இருங்கோ’ எண்டு சித்தப்பா. ஏன்?”

“அந்த மனிசி எழும்பி நிண்டவா. பக்கத்திலை நிண்ட சின்னன் சீலையைப் பிடிச்சு இழுத்து இழுத்து அதைத்தான் கத்தினது. எனக்கு விளங்கேல்லை, ஆனா காதிலை நிண்டிட்டுது.” பிறகு முற்றத்தைப் பார்த்தபடி சொன்னார்: “நானும் அதைத்தானே சொன்னனான். இரும் அக்கா, பிள்ளை அழுகுது, இரும் எண்டு. அவ இருக்கேல்லை.”

அந்தப் பிள்ளையைத்தான் தேடுகிறேன். உங்களுக்கும் இப்போது முப்பது நெருங்கியிருக்கும், அல்லது சற்றுக் குறைவாக. அந்தக் கோடையில் நீங்கள் ஊருக்குப் போகவில்லை. பெட்டி போனது, நீங்கள் போகவில்லை. விமானத்தில் உங்கள் அம்மா ஏதோ சண்டை பிடித்தார், பொலிஸ் வந்தது, எல்லோரும் பார்த்தார்கள். அதற்காக அவரோடு நீண்ட காலம் கோபமாக இருந்திருப்பீர்கள். வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று வைத்திருப்பீர்கள். உங்கள் அம்மா தான் எழுந்து நின்றதால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். நடந்தது. நல்லது நடந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் சித்தப்பா அந்த இரண்டு வருடத்தில் எண்ணிப் பார்க்க வைத்திருந்த முகங்களில் உங்கள் அம்மாவுடையதும் ஒன்று. அதை அவரிடம் சொல்லுங்கள். உயிரோடு இருந்தால், இன்றே சொல்லுங்கள்.

அப்பாவும் அம்மாவும் இப்போது கார்ஜில் இருக்கிறார்கள், மாமியின் கட்டடத்துக்கு எதிர்க் கட்டடம். ரேடியோவின் திரை பாதி செத்துவிட்டது. பட்டரி மூடி தொலைந்து ரப்பர் பட்டையால் கட்டியிருக்கிறது. பூனைப்படம் முழுதாக உதிர்ந்துவிட்டது. புதியது வாங்கித் தருகிறேன் என்றேன். அப்பா வேண்டாம் என்றார். பின்னேரங்களில் பல்கனியில் அதே மாதிரிக் கதிரை போட்டு அமர்கிறார். கொழும்பு விமானம் இல்லாத நாட்களில் துபாய் விமானத்தைக் கேட்கிறார். நம்மவர்கள் அதிலும் போகிறார்கள்.

போன கிழமை நான் போனபோது கொழும்பு விமானம் கிளம்பியிருந்தது. அம்மா தேத்தண்ணி ஆறுகிறது என்று இரண்டு தரம் கூப்பிட்டார். நான் குமிழைத் திருப்பக் கையை நீட்டினேன்.

“பொறு” என்றார் அப்பா. “இன்னும் கைமாறேல்லை.”

காத்திருந்தோம். இரைச்சலுக்குள்ளிருந்து கட்டுப்பாட்டாளர் அடுத்த எண்ணைச் சொன்னார். விமானி அதைத் திருப்பிச் சொல்லி விடைபெற்றார். அப்பாவுக்கு ஆங்கிலம் இன்னும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, தடித்த குரலில், எனக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தவர் போலச் சொன்னார்:

“ஓம், போட்டு வா. கவனம்.”

பிறகுதான் நிப்பாட்டினார்.